ஈயம் தோண்டிய பள்ளத்தில் ஒன்பது குழிகள்

மலாயாத் தீபகற்பத்தின் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் தித்திவாங்சா மலைத்தொடரில், பகாங், சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் பிரேசர் மலை, மலேசியாவின் பழைய கோடை வாசத்தலங்களில் ஒன்றாகும். கருங்கல் மாளிகைகள், மணிக்கூண்டு, மூடுபனி, பறவைகள் ஆகியவற்றுக்காகப் பேசப்படும் இவ்வூரின் நடுவே, ஒன்பது குழிகள் மட்டுமே கொண்ட சிறிய கோல்ஃப் திடல் ஒன்று உள்ளது. கைவிடப்பட்ட ஈயச் (வெள்ளீயச்) சுரங்கத்தின் மீது 1920களில் உருவாக்கப்பட்ட இத்திடலின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், காடு, ஈயம், ரப்பர் தரும் பால்மரம், மலைச்சாலை, அச்சாலையை அமைத்த கூலித் தொழிலாளர் என மலாயாவின் காலனியப் பொருளியல் முழுவதும் அந்தச் சில ஏக்கர் புல்வெளியில் வந்து சேர்வதைக் காணலாம். திடல் ஏன் இவ்வளவு சிறியதாக அமைந்தது என்ற எளிய கேள்விக்கும் அந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

தமிழில் குழிப்பந்தாட்டம் என்றும் வழங்கப்படும் கோல்ஃப், சிறிய கடினமான பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் இயன்ற அளவு குறைந்த அடிகளில் விழச்செய்யும் ஆட்டமாகும். 'குழி' என்ற சொல், பந்து விழும் துளையைக் குறிப்பதோடு, பந்தை முதலில் அடிக்கும் மேடையான 'டீ' தொடங்கி, புல் வெட்டப்பட்ட நீள்வெளியான 'ஃபேர்வே' வழியாக, துளையைச் சுற்றி மிகக் கட்டையாகச் சீர்செய்யப்பட்ட 'கிரீன்' வரையுள்ள நிலப்பகுதி முழுவதையும் குறிக்கும். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரு குழியை முடிக்க எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகளின் எண்ணிக்கை 'பார்' எனப்படுகிறது. ஒரே அடியில் கிரீனை எட்டி, இரண்டு உருட்டல்களில் பந்தைத் துளைக்குள் செலுத்தும்படி அமைந்த குட்டையான குழிகள் 'பார் மூன்று' வகையைச் சேர்ந்தவை.

முழுமையான திடல் என்றால் பதினெட்டுக் குழிகள் என்ற கணக்கு இன்று மாறா விதிபோலத் தோன்றினாலும், அது காலப்போக்கில் தற்செயலாக நிலைபெற்றதே ஆகும். ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்தில், அதன் முதல் எழுத்து விதிகள் 1744இல் வகுக்கப்பட்ட எடின்பரோவின் லீத் திடலில் ஐந்து குழிகளே இருந்தன; 1860இல் முதல் ஓப்பன் போட்டி நடைபெற்ற பிரஸ்ட்விக்கில் பன்னிரண்டு குழிகள் இருந்தமையால், ஆட்டக்காரர்கள் அதனை மூன்று முறை சுற்றி முப்பத்தாறு குழிகளை நிறைவு செய்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், போகும்போதும் திரும்பும்போதும் அதே குழிகளைப் பயன்படுத்தி இருபத்திரண்டு குழிகளாக ஆடிவந்தவர்கள், 1764இல் முதல் நான்கு குழிகள் மிகக் குட்டையானவை என்று கருதி அவற்றை இரண்டாக இணைத்ததால் மொத்தம் பதினெட்டாயிற்று. பின்னாளில் அந்நகரின் சங்கம் ஆட்டவிதிகளுக்கு அதிகாரம் பெற்ற அமைப்பாக உயர்ந்தபோது, அதன் திடலின் எண்ணிக்கையும் உலகுக்கு அளவுகோலாயிற்று. இடமும் பணமும் குறைந்த ஊர்களில் அதில் பாதியான ஒன்பது குழிகளை அமைத்து, விரும்பியவர் இருமுறை சுற்றிக்கொள்ளும் வழக்கம் இந்த அளவுகோலின் துணைவிளைவாகத் தோன்றியது.

ஸ்காட்லாந்து வணிகரும் படைவீரரும் சென்ற இடமெல்லாம் இவ்வாட்டமும் உடன் சென்றது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானதாகக் கருதப்படும் சங்கம் 1829இல் கல்கத்தாவில் தோன்றியது. பெங்களூரில் 1876இலும், கொழும்பில் 1879இலும், நுவரெலியாவில் 1889இலும், கொடைக்கானலில் 1895இலும் திடல்கள் அல்லது சங்கங்கள் உருவாயின. சிங்கப்பூரில் 1891இல் தொடங்கப்பட்ட சங்கம், குதிரைப் பந்தய மைதானத்தின் உள்வட்டத்தில் ஒன்பது குழிகளை வெட்டித் தன் ஆட்டத்தைத் தொடங்கியது. 1893இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட சிலாங்கூர்ச் சங்கமும் ஒன்பது குழிகளோடுதான் பிறந்தது. ஆகவே வெப்பமண்டலக் குடியேற்றங்களில் ஒன்பது குழித் திடல் என்பது ஒரு குறைபாடாகக் கருதப்படாமல், ஆட்டம் புதிய மண்ணில் ஊன்றும் இயல்பான முதல் வடிவமாகவே ஏற்கப்பட்டது.

ஆட்டம் மலாயாவுக்கு வருவதற்கு முன்பே மலாயா அந்த ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்பது இவ்வரலாற்றின் வியப்புக்குரிய பகுதியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோல்ஃப் பந்து, தைத்த தோலுறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துச் செய்யப்பட்டது. தேர்ந்த கைவினைஞர் ஒருவரால் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய இயலாததால் அதன் விலை மிகுதியாக இருந்ததோடு, ஈரத்தில் தோல் ஊறி நைந்தும் போயிற்று. இந்நிலையில், மலாய் மக்கள் காட்டுமரம் ஒன்றின் பாலை இறுகவைத்துக் கத்திப்பிடிகள் செய்வதைச் சிங்கப்பூரில் கவனித்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, அப்பொருளின் மாதிரிகளை 1843இல் இலண்டனுக்கு அனுப்பினார். மலாய் மொழியில் 'கெத்தா பெர்ச்சா' எனப்பட்ட அந்தப் பிசின் ஆங்கிலத்தில் கட்டாபெர்ச்சா ஆயிற்று. வெந்நீரில் இளகி, ஆறியதும் கெட்டிப்படும் தன்மையுடைய இப்பிசினை அச்சிலிட்டு உருட்டிச் செய்த பந்துகள் 1848 அளவில் ஸ்காட்லாந்துத் திடல்களில் தோன்றின. விலை குறைந்த, மழைக்கு அஞ்சாத, சிதைந்தால் மீண்டும் உருக்கி வார்க்கக்கூடிய அப்பந்து, செல்வர் சிலரின் பொழுதுபோக்காக இருந்த ஆட்டத்தை நடுத்தர மக்களிடமும் கொண்டு சேர்த்தது. புதிதாக வழவழப்பாக இருந்தபோது தடுமாறிப் பறந்த பந்து, மட்டையடியால் வடுப்பட்ட பின் நேராகச் செல்வதைக் கண்ட கைவினைஞர்கள், சுத்தியால் கொத்தி வடுக்களை முன்கூட்டியே ஏற்படுத்தத் தொடங்கினர். இன்றைய பந்தின் மேலுள்ள சிறுகுழிகளின் மூதாதை அந்த வடுக்களே.

கட்டாபெர்ச்சா மரத்தின் பால் எளிதில் வடியாது என்பதால், மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பட்டையில் வளையங்கள் கீறிப் பிசினைச் சேகரிக்கும் முறை நிலவியது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட இப்பிசினை விடச் சிறந்த பொருள் அன்று இல்லாமையால், 1850களுக்குப் பின் அதன் தேவை பன்மடங்கு பெருகி, தீபகற்பக் காடுகளில் அம்மரம் அருகிப்போயிற்று. அந்த அழிவில் கோல்ஃப் பந்துகளின் பங்கு சிறிதே எனினும், வெப்பமண்டலக் காடு ஒன்றின் வீழ்ச்சிக்கும் குளிர்நாட்டு விளையாட்டு ஒன்றின் எழுச்சிக்கும் இடையிலான தொடர்பு அதில் தெளிவாகவே புலப்படுகிறது.

கட்டாபெர்ச்சாப் பந்தின் காலத்தை முடித்துவைத்ததும் ஒரு மரத்தின் பாலே ஆகும். 1898இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர், ரப்பர் இழையை இறுக்கிச் சுற்றி அதன்மேல் கட்டாபெர்ச்சா உறையிட்ட பந்தை உருவாக்கினார். அது வெகுதொலைவு பறந்தமையால் சில ஆண்டுகளுக்குள் பழைய பந்தை வழக்கொழியச் செய்தது. ரப்பர் அன்று பெரும்பாலும் பிரேசில் காடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தாலும், ஹென்றி விக்கம் 1876இல் அங்கிருந்து கொண்டுவந்த விதைகளின் கன்றுகள் இலங்கைக்கும், அவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்திருந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி செம்மைப்படுத்தியதும், மோட்டார் வண்டிச் சக்கரங்களால் ரப்பர் விலை ஏறியதும் சேர்ந்து மலாயாவைத் தோட்டங்களின் நாடாக மாற்றின. அத்தோட்டங்களில் பால்மரம் சீவுவதற்கு ஆள் திரட்டும் முகவர்களாகிய கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து பல இலட்சம் பேர் கப்பலேறினர். அவர்கள் சீவிய பாலில் பெரும்பகுதி சக்கரங்களுக்கும், மிகச்சிறு பகுதி பந்துகளுக்கும் சென்றது.

பிரேசர் மலையின் கதை தொடங்கியது, கட்டாபெர்ச்சாவுக்கும் ரப்பருக்கும் அடுத்து மூன்றாவது பொருளான ஈயத்தில். லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890களில் இம்மலைப்பகுதியில் தங்கி, வெட்டியெடுத்த ஈயத்தாதுவைக் கோவேறு கழுதைகள் மீதேற்றிக் கீழே அனுப்பும் தொழிலை நடத்தினார். சுரங்கத் தொழிலாளருக்காக அபினிக் கூடமும் சூதாட்டக் கூடமும் வைத்திருந்தார் என்றும் சொல்லப்படுகிறது. ஈயப்படிவு தீர்ந்ததும் அவரும் ஊரைவிட்டு நீங்கிச் சுவடின்றி மறைந்தார். சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயரான பெர்குசன் டேவி 1917இல் அவரைத் தேடி மலையேறியபோது, ஆளைக் காணவில்லை. மாறாக, குளிர்ந்த காற்றும் நீரோடைகளும் நிறைந்த ஏழு குன்றுகளைக் கண்டு, அவை கோடை வாசத்துக்கு ஏற்றவை என்று அரசுக்குத் தெரிவித்தார்.

அந்தப் பரிந்துரைக்கு அன்றைய சூழலில் தனி வலிமை இருந்தது. வெப்பமண்டலச் சமவெளியின் புழுக்கம் ஐரோப்பியரின் உடலையும் உள்ளத்தையும் நலியச்செய்யும் என்பது அக்கால மருத்துவத்தின் உறுதியான கருத்தாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாயகம் சென்றுவரும் நீண்ட விடுப்பே அதற்கு மருந்தாகக் கருதப்பட்டது. முதல் உலகப்போர் கடற்பயணத்தை இடருக்குள்ளாக்கியதால் அம்மருந்து கிட்டாமற்போகவே, உள்ளூரிலேயே ஒரு குளிர்மலை வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் வலுப்பெற்றது. இந்தியாவுக்கு உதகமண்டலமும் இலங்கைக்கு நுவரெலியாவும் இருப்பதுபோல் மலாயாவுக்கும் ஒன்று என்ற ஒப்பீடும் அதற்குத் துணைநின்றது. 1919இல் வேலைகள் தொடங்கி, 1922இல் ஊர் திறக்கப்பட்டது. பினாங்கு மலையும் தைப்பிங்கின் மேக்ஸ்வெல் மலையும் அதற்கு முந்தியவை. பரப்பில் பெரியதான கேமரன் மலை, பின்னர் 1930களில்தான் வளர்ந்தது.

மலைமேல் ஊர் அமைய வேண்டுமானால் முதலில் சாலை அமைய வேண்டும். குவாலா குபுவிலிருந்து ரவுப் நோக்கிச் செல்லும் சாலை மலைத்தொடரைக் கடக்கும் கணவாயான 'கேப்' என்னுமிடத்திலிருந்து, பிரேசர் மலைக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கிளைச்சாலை வெட்டப்பட்டது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் விலகிச்செல்ல இடமில்லாத குறுகிய சாலையாதலால், குறித்த நேரத்தில் ஏறுவோரும் அடுத்த நேரத்தில் இறங்குவோருமாக மாறிமாறி வாயிலைத் திறந்துவிடும் முறை பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்தது. மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் இருப்புப்பாதைத் துறையிலும் மண்வெட்டிப் பாதையமைத்த கூலிகளில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். சாலையைச் 'சடக்கு' என்றும் இருப்புப்பாதையைக் 'கம்பிச்சடக்கு' என்றும் மலேசியத் தமிழர் இன்றும் சொல்வது அந்த உழைப்பு மொழியில் விட்டுச்சென்ற தடமாகும். மலைச்சாலையில் வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் சரிந்த மண்ணை அகற்றுவதும், சாக்கடையைத் தூர்வாருவதும், வேர்விட்டு நெருங்கும் காட்டைப் பின்தள்ளுவதும் ஆண்டு முழுவதும் நீடிக்கும் பணிகளாகும்.

ஊர் எழுந்ததும் திடலுக்கு இடம் தேடப்பட்டது. ஏழு குன்றுகளின் சரிவுகளில் சமதளம் அரிதாக இருந்த நிலையில், சுரங்கத்தார் ஏற்கெனவே மரங்களை வெட்டி, மேல்மண்ணைக் கழுவி, பள்ளமாக்கி விட்டுச்சென்ற நிலமே வெட்டவெளியாகக் கிடைத்தது. மலாயாவில் ஈயம் பெரும்பாலும் மண்ணோடு கலந்த மணிகளாகக் கிடைத்தமையால், தாதுமண்ணை நீர்பாய்ச்சி அலசி, கனமான ஈயமணிகள் அடியில் தங்க, மணலையும் சேற்றையும் ஒதுக்கித் தள்ளும் முறையே வழக்கிலிருந்தது. சத்தெல்லாம் நீரோடு போய்விட்ட அம்மணலில் பயிர் விளையாது. 'ஈயக்குட்டை' எனப்படும் நீர்தேங்கிய பள்ளங்களோடு அந்நிலம் பாழ்பட்டுக் கிடப்பதே இயல்பு. கோல்ஃப் ஆட்டத்துக்கோ, ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் பிறந்ததாதலால், நீர் விரைவாக வடியும் மணற்பாங்கான நிலம் பகையன்று. அவ்வகையில் சுரங்கம் ஒதுக்கிய நிலத்தை விளையாட்டு ஏற்றுக்கொண்டது. பதினெட்டுக் குழிகளுக்கு வேண்டிய நிலம் அப்பள்ளத்தில் இல்லை. சரிவுகளை வெட்டி விரிவாக்கும் நோக்கம் அன்றைய அரசுக்கும் இல்லை. ஆகவே ஒன்பதோடு திடல் நிறைவுற்றது.

இவ்வாறு அமைந்த குட்டைத் திடலில் ஆடும் முறையும் தனித்தன்மை உடையது. நீண்ட குழிகளில் வலிமையான முதல் அடி முன்னிலை தரும். குட்டையான குழிகளிலோ தலை சரிந்த இரும்பு மட்டையால் பந்தை உயர எழுப்பி, கிரீனின் மீது மெல்ல இறக்கும் துல்லியமே வெற்றியைத் தீர்மானிக்கும். உயர்ந்த இடத்தின் மெல்லிய காற்றில் பந்து சற்றே கூடுதல் தொலைவு பறந்தாலும், ஈரமண்ணில் விழுந்தால் உருளாமல் அங்கேயே நின்றுவிடும். மூடுபனி இறங்கும் வேளையில் கொடி கண்ணுக்கு மறைந்துவிடுவதால், கொடி இருக்கும் திசையை நினைவில் நிறுத்தி அடிக்க வேண்டியிருக்கும். மலைநாட்டில் காலை வெயிலும் பிற்பகல் மழையும் வழக்கமாதலால், ஒன்பது குழிகளை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது பருவநிலையோடும் பொருந்தியது. ஓய்வுக்காக வந்தவர்களுக்கு, முழுநாளையும் விழுங்காத அந்த அளவே போதுமானதாக இருந்தது.

வெப்பமண்டலத் திடல்களில் மிகுந்த தொல்லை தந்தது புல்லாகும். ஸ்காட்லாந்துத் திடல்களின் மென்மையான குளிர்நாட்டுப் புல்வகைகள் சமவெளிப் புழுக்கத்தில் கருகிப்போயின. வறண்ட பகுதிகளில் புல்லே வேண்டாமென்று மணலை எண்ணெய்விட்டு இறுக்கி, பச்சைக்குப் பதில் பழுப்பு நிறத்தில் கிரீன்களை அமைத்தனர். நிலைத்த தீர்வு, தமிழர் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லிலிருந்து வந்தது. வேரோடிப் படர்ந்து, எவ்வளவு கட்டையாக வெட்டினாலும் மீண்டும் தழைக்கும் அருகு, உலகின் வெப்பநாட்டுத் திடல்களில் பரவலாக இடம்பெற்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவான மற்றொரு புல்லையும் கலந்து உருவாக்கி 1956இல் வெளியிட்ட 'டிஃப்கிரீன்' என்ற ஒட்டுவகை, வெப்பநாடுகளிலும் பட்டுப்போன்ற கிரீன்களை அமைக்க வழிசெய்தது. அதற்கு முன்பு அந்த மென்மை முழுவதும் புல்வெட்டும் தொழிலாளரின் கையிலேயே இருந்தது. நகராட்சி வாரியங்களின் புல்வெட்டும் பணி மலாயாவில் பெரும்பாலும் தமிழர்களிடமே விடப்பட்டிருந்தது.

புல்லை வெட்டியவர்களுக்கு அதன்மேல் ஆடும் உரிமை இருக்கவில்லை. மலைமேலிருந்த மாளிகைகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் பெருநிறுவனத்தாருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆசியர்கள் அங்கே சமையற்காரர்களாகவும் தோட்டக்காரர்களாகவும் கடைக்காரர்களாகவும் சாலைக் கூலிகளாகவுமே வாழ்ந்தனர். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்டறிந்து தரும் 'கேடி' வேலைக்கு மலாயாவின் சங்கங்கள் மலாய், சீன, தமிழ்ச் சிறுவர்களை அமர்த்தின. பார்த்துப் பழகுவதற்கு அவர்களுக்கிருந்த ஒரே வாசல் அந்த வேலையாகும்.

இந்த ஒழுங்கை முதலில் குலைத்தது 1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பு. நாடெங்கும் மைதானங்களில் மரவள்ளி நடப்பட்ட ஆண்டுகளில், சடக்கு வெட்டத் தெரிந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் - பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பெருந்தொகையினர் திரும்பாமல் மடிந்தனர். போருக்குப் பின் ஆங்கிலேயர் மீண்டும் வந்தாலும் மலையின் அமைதி மீளவில்லை. 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் இம்மலைக்காடுகளில் இயங்கினர். 1951 அக்டோபர் 6ஆம் நாள், வார இறுதியைக் கழிக்கக் கோலாலம்பூரிலிருந்து மனைவியோடும் செயலரோடும் பிரேசர் மலைக்குக் காரில் சென்றுகொண்டிருந்த உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, மலைச்சாலையின் வளைவொன்றில் மறைந்திருந்த கெரில்லாக்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். காரைவிட்டு இறங்கிச் சாலையோரத்தை நோக்கி நடந்தபோது அவர் வீழ்ந்தார். காருக்குள் பதுங்கியிருந்த மற்ற இருவரும் உயிர் தப்பினர். ஆட்சியின் தலைமை அதிகாரியை ஓய்வுக்கு அழைத்துச் சென்ற பாதையே, அவர் உயிரைப் பறிக்க எதிரிகள் காத்திருந்த பாதையாகவும் அமைந்துபோயிற்று.

1957இல் மலாயா விடுதலை பெற்ற பின், மாளிகைகள் அரசின் ஓய்வில்லங்களாகவும் விடுதிகளாகவும் மாற, ஒன்பது குழித் திடலும் கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறக்கப்பட்ட பொதுத்திடலாயிற்று. ஒருகாலத்தில் பை சுமக்கும் அளவுக்கே ஆட்டத்தை நெருங்க முடிந்த சமூகத்திலிருந்து மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் மலேசியாவின் பெயரால் ஆடும் நிலையும் உருவாயிற்று. 1988 முதல் இங்கு நடைபெற்றுவரும் பன்னாட்டுப் பறவை நோக்கும் போட்டி, காடு வெட்டப்படாமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை ஊருக்கு உணர்த்தியது.

அந்த மதிப்பின் அளவை வேறொரு திடல் காட்டிக்கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், சுற்றுலாவைப் பெருக்கும் நோக்கில் ஊருக்கு அருகிலுள்ள ஜெரியாவ் பள்ளத்தாக்கில் பதினெட்டுக் குழிகளோடு புதிய திடல் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்கான நிலம் காட்டை அழித்தே பெறப்பட்டது; கழுவிவந்த வண்டல் ஜெரியாவ் அருவியின் தடாகத்தைத் தூர்த்தது; அத்திடல் நிலைத்து ஓங்கவும் இல்லை. பழைய திடலை அமைத்தவர்களைக் காட்டின்மேல் பரிவு கொண்டவர்கள் என்று கருத இடமில்லை. ஈயத்துக்காக ஒருமுறை குடையப்பட்ட பள்ளம் கையருகே கிடந்ததால், அதற்குள் அடங்கும் அளவுக்கு அவர்கள் ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டனர். அச்சுருக்கத்தால் சுற்றியுள்ள குன்றுகள் தப்பின. பிரேசர் மலையின் ஒன்பது குழிகளையும் சுற்றிவரும் ஒருவர், ஒன்பதாவது கிரீனுக்கு அப்பால் வேறு குழி ஏதுமின்றி மலைக்காடு எழுந்து நிற்பதைக் காண்பார். சுரங்கத்தாரின் மண்வெட்டி ஓய்ந்த எல்லையும் ஏறத்தாழ அதுவேயாகும்.